படுவான்கரையில் பங்கும் முறையும்

மட்டக்களப்பில் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி வழி கேட்டால், தூரம் சொல்வதற்கு முன் எந்தக் கரை என்று சொல்வார்கள். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது வாவி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம், படுவான்கரை. பெருந்தெருவும் கடைகளும் பெரிய ஆஸ்பத்திரியும் கல்லூரிகளும் எழுவான்கரையில். வயல் வட்டையும் குளமும் மாட்டுப் பட்டியும் காடும் படுவான்கரையில். பட்டினத்துக்குச் சோறு போடுவது அந்தக் கரைதான்.

நான் யாழ்ப்பாணத்தான். படுவான்கரையை முதலில் புத்தகங்களில்தான் அறிந்தேன். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வீ. சீ. கந்தையா 1964இல் எழுதி வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகிய இரண்டையும் படிக்கும்போது ஒன்று மனதில் தைக்கும். இங்கே ஊரின் வரலாறு பெரும்பாலும் பங்குகளின் வரலாறு. எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் என்ன முறை, யார் முன்னே நிற்பது, யார் எதைக் கொண்டுவருவது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மான்மியத்தில் ‘பங்குகூறும் கல்வெட்டு’ என்றே ஒரு பகுதி உண்டு. பெயர் கல்வெட்டு என்றாலும் அது கல்லில் பொறித்ததல்ல, ஏட்டில் எழுதி வைத்து ஓதிவந்தது. இதை வேறொரு கணக்கோடு ஒப்பிடலாம். 1086இல் இங்கிலாந்தின் வில்லியம் அரசன் ஊர் ஊராக நிலத்தையும் ஏரையும் மாட்டையும் எண்ணி ‘டூம்ஸ்டே’ ஏட்டில் எழுதுவித்தான். தங்கள் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறதென்று அங்கத்துக் கிராமத்தார் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அது அரசன் தன் வருமானத்துக்காக எழுதுவித்த கணக்கு. படுவான்கரை ஊர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதி, தாங்களே ஓதி, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்திருக்கின்றன. அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கொக்கட்டிச்சோலைக்குப் புறப்பட்டேன்.

கல்லடிப் பாலம் தாண்டி, கல்முனை வீதியில் தெற்கே போகிறது பஸ். காத்தான்குடியில் வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. முஸ்லிம் மக்களின் இந்த நெருக்கமான பட்டினத்தில், 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த வழியால் படுவான்கரைக்குப் போகும் தமிழர் எவரும் இந்தத் தெருவைக் கடந்துதான் போகவேண்டும். கடக்கும்போது அந்த இரவை நினைக்கவேண்டும் என்பது என் எண்ணம். இந்த முஸ்லிம் மக்களிடமும் தமிழரைப் போலவே தாய்வழிக் குடிகள் உண்டு. கோயிலை நடத்துபவர் வண்ணக்கர் என்றால் பள்ளிவாசலை நடத்துபவர் மரைக்கார். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை வீட்டுக்கு அழைப்பதும் இரு பக்கமும் ஒன்றே. ஒரே முறைமையில் வாழ்ந்த இரு சமூகங்கள் ஒன்றையொன்று அஞ்சும்படி ஆனது இந்த வாவிக்கரையின் பெருந்துயரம்.

ஆரையம்பதி தாண்டி மேற்கே திரும்பினால் மண்முனைப் பாலம். ஜப்பானிய உதவியில் கட்டி 2014இல் திறந்தார்கள். அதற்கு முன் ‘பாதை’தான். மிதவைகளின் மேல் பலகைத் தட்டுப் போட்டு, ஆட்களையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்ப்பதற்கு இங்கே பாதை என்று பெயர். பிரசவ வலி வந்தாலும் பாம்பு கடித்தாலும் பாதை வரும்வரை துறையில் காத்திருக்கவேண்டியிருந்தது. காற்று எழும்பினால் பாதை ஓடாது. பாலத்தில் இறங்கி நின்று பார்த்தேன். இரு பக்கமும் கண்டல் பற்றைகள். நடுவே ஒருவர் தோணியில் நின்றபடி வீச்சு வலை எறிந்துகொண்டிருந்தார். கரையோரச் சேற்றில் இரண்டு பெண்கள் அத்தாங்கு வைத்து இறால் வடித்துக்கொண்டிருந்தார்கள். வாவியை இங்கே ஆறு என்றுதான் சொல்கிறார்கள். “ஆத்துல இப்ப மீன் குறஞ்சி போச்சி” என்றார் பாலத்தடியில் மீன் விற்றவர்.

பாலம் இறங்கிச் சற்றுத் தூரத்தில் மகிழடித்தீவு. சந்தியில் நினைவுத்தூபி நிற்கிறது. 1987 ஜனவரி 28ஆம் திகதி, அரச படையினரின் சுற்றிவளைப்பில், இங்குள்ள இறால் பண்ணைத் தொழிலாளர்கள் உட்படப் பெருந்தொகையானோர் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூன் 12ஆம் திகதி, கண்ணிவெடியில் படையினர் இறந்ததற்குப் பழியாக, இராணுவத்தினர் இந்த ஊர்களுக்குள் புகுந்து கண்டவர்களைக் கொன்றார்கள். அரிசி ஆலைக்குள் தஞ்சம் புகுந்தவர்களையும் விடவில்லை. ஜனாதிபதி நியமித்த விசாரணைக் குழு, கொல்லப்பட்டோர் 67 பேர் என்றது. ஊரார் சொல்லும் தொகை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தூபிக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன். எங்கள் வீட்டில் இத்தனை பேர், பக்கத்து வளவில் இத்தனை பேர் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு, அந்த வருடம் கோயில் திருவிழாவில் எந்தெந்தக் குடும்பத்தின் முறையைச் செய்ய ஆளில்லாமல் போயிற்று, அதை யார் எடுத்துச் செய்தார்கள் என்றும் சொன்னார். செத்தவர்களின் கணக்கையும் திருவிழாவின் கணக்கையும் அவர் பிரித்து வைத்திருக்கவில்லை.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கதை இந்தப் பக்கத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். திடகன் என்ற வேடன் காட்டில் தேன் எடுக்க வந்தான். கொக்கட்டி மரம் ஒன்றைக் கோடரியால் கொத்தினான். மரத்திலிருந்து இரத்தம் பெருகியது. பயந்துபோய்த் தன் துணியால் வெட்டுவாயை மூடிக் கட்டிவிட்டு ஓடிப்போய்ச் சொன்னான். மரத்தடியில் இலிங்கம் கண்டு கோயில் எடுத்தார்கள். கலிங்க நாட்டிலிருந்து வந்து மண்முனையில் இருந்து ஆண்டவள் உலகநாச்சி என்று மான்மியம் சொல்லும். கோயில் எடுத்த பெருமை அவளுக்கு. கண்டவன் வேடன், கட்டியவள் வந்தேறிய நாச்சி. கதையிலேயே காட்டு மக்களுக்கும் வந்தவர்களுக்கும் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கதை கல்நந்தியைப் பற்றியது. பறங்கித் தளபதி ஒருவன் கோயிலை இடிக்க வந்து, “இந்தக் கல்மாடு புல் தின்னுமோ?” என்று இளக்காரமாகக் கேட்டானாம். பூசகர் புல்லை நீட்ட, நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். தளபதி கலங்கித் திரும்பிப் போனான். போர்த்துக்கேயர் 1620களில் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்துக் கல்லைக் கொண்டுபோய்க் கோட்டை கட்டினார்கள். 1628இல் மட்டக்களப்பு வாவியின் புளியந்தீவிலும் கோட்டை எழுப்பினார்கள். அடுத்த பத்து வருடத்தில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. கடலோரக் கோயில்கள் விழுந்த காலத்தில் வாவிக்கு அப்பால், காட்டு மறைவில் இருந்த கோயில் தப்பியது. நந்தியின் கதை அந்தத் தப்பிப் பிழைத்தலின் நினைவு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கொக்கட்டிச்சோலைக் கோயிலைத் தேசத்துக் கோயில் என்பார்கள். திருக்கோவில், மண்டூர், கொக்கட்டிச்சோலை போன்றவை ஓர் ஊருக்கு மட்டும் உரியவை அல்ல. சுற்றுப்புறம் முழுவதற்கும் அவற்றில் பங்கு உண்டு. கோயிலை நடத்துபவர் வண்ணக்கர். அந்தப் பதவி குடிவழியாக வருகிறது. ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடிக்கோ ஒரு கூட்டு ஊருக்கோ முறை. குடி தாய்வழி. அம்மா எந்தக் குடியோ பிள்ளை அந்தக் குடி. உலகிப்போடிகுடி, காலிங்காகுடி, படையாண்டகுடி, பணிக்கனாகுடி என்று பேர்கள். ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. ஆகவே கணவன் எப்போதும் வேறு குடி, தகப்பன் தன் பிள்ளைகளுக்கே வேறு குடி. திருவிழா அன்று தகப்பன் ஒரு முறைக்காரரோடு நிற்க, மகன் இன்னொரு முறைக்காரரோடு நிற்பான். தாய்மாமன்தான் மருமகனுக்கு முறைமையைச் சொல்லிக் கொடுப்பவன்.

கோயில் வீதியில், மர நிழலில் பெட்டி பின்னிக்கொண்டிருந்த ஒரு பெத்தம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியிருக்கும்.

“எங்கிருந்து வாறீங்க மனே?”

சொன்னேன்.

“யாழ்ப்பாணமா? அங்க வளவு ஆருக்கு?”

சீதனமாக மகளுக்கும் போகும், முதுசமாக மகனுக்கும் போகும் என்றேன்.

“இஞ்ச வீடும் வளவும் பொம்புளப் புள்ளைக்குத்தான். மாப்பிள வந்து இரிப்பாரு. மறுகா அவ தங்கச்சிக்கு ஒரு வீடு. பொடியனுக்கு என்னத்துக்கு வீடு? அவன் போற இடத்துல வீடு இரிக்கும்.”

அந்தப் பேச்சு என்னை நிறைய யோசிக்க வைத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய பயமுறுத்தல் உண்டு. மட்டக்களப்புக்கு உத்தியோகமாகப் போகும் இளைஞனிடம், “கவனம், மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்” என்பார்கள். எங்கள் ஊரிலும் அப்படிப் போனவர்கள் திரும்பவில்லை என்ற கதைகள் இருந்தன. மந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. மணம் முடித்தவன் மனைவி வீட்டில் குடியேறுவதுதான் இங்கத்து முறை. மகனை இழந்துவிட்டதாக நினைத்த வடக்குத் தாய்மார் அதற்கு மந்திரம் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். ஒரு சமூகத்தின் உரிமை முறையை இன்னொரு சமூகம் சூனியமாகப் பார்த்தது. அந்தப் பழிச்சொல்லை நாங்கள் கைவிட வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

பழைய காலத்தில் இந்தத் தாய்வழி முறை இன்னும் ஆழமாக இருந்தது. இங்குள்ள முக்குவர் சமூகத்தில் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போன வழக்கத்தை வைத்து, சி. பிரிட்டோ 1876இல் ‘முக்குவர் சட்டம்’ என்று ஆங்கிலத்தில் நூல் எழுதினார். கேரளக் கரையின் மருமக்கத்தாயத்தோடு அது நெருங்கிய உறவு கொண்டது. அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த உறவை விரிவாக எழுதியிருக்கிறார். பொதுச் சட்டம் வந்தபின் முக்குவர் சட்டம் நீதிமன்றத்தை விட்டுப் போயிற்று. வீட்டை விட்டுப் போகவில்லை. போரில் கணவனை இழந்த ஆயிரக்கணக்கான பெண்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தலைக்கு மேல் கூரை இருந்தது, அது அம்மா வழியில் வந்த கூரை என்பதால். வயல் தந்தவர்களும் உழைத்தவர்களும் போனபிறகும் வளவு அவர்கள் பேரில் நின்றது.

இந்த முறைமையைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பங்கு என்றால் பங்கில்லாதவனும் உண்டு. வண்ணக்கர் உரிமை சில குடிகளிடமே இருக்கிறது. பறை அடித்தவரும் துணி வெளுத்தவரும் இல்லாமல் எந்தத் திருவிழாவும் எந்தச் சாவீடும் நடந்ததில்லை. அவர்களுக்கும் ‘முறை’ உண்டுதான். ஆனால் அது ஊழியம் செய்யும் முறை. கூலி கொடுத்து அதை உரிமை என்று அழைத்தார்கள். வயலில் போடியார் நிலத்துக்குச் சொந்தக்காரர், முல்லைக்காரர் மேற்பார்வை, கூலியாள் உழைப்பு என்று இருந்த ஒழுங்கும் அப்படியே. சூடு மிதிக்கும் களவெட்டியில் மாட்டுக்கும் நெல்லுக்கும் பெட்டிக்கும் கூடத் தனிப் பேர் வைத்துப் பேசிய அந்த மொழியின் அழகை ரசிக்கலாம். களவெட்டியிலிருந்து யார் வீட்டுக்கு எத்தனை மூட்டை போயிற்று என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும். இப்போது அறுவடை இயந்திரம் ஒரே நாளில் வட்டையை முடித்துவிடுகிறது. களவெட்டி மொழியைக் கிழவர்களிடம்தான் கேட்கமுடிகிறது.

கொக்கட்டிச்சோலையிலிருந்து தெற்கே அம்பிளாந்துறை, பழுகாமம், போரதீவு வழியாக மண்டூருக்குப் போனேன். ஊருக்கு ஊர் வயல். வயலுக்கு நடுவே வாடிகள். ஊர் தொடங்கும் இடத்தில் ஒரு பிள்ளையார், ஊருக்குள் ஒரு கண்ணகி அம்மன். மதுரையை எரித்த கண்ணகி இந்தக் கரையில் தாயாகக் குளிர்ந்து இருக்கிறாள். பல கோயில்களில் வருடம் முழுவதும் கதவு பூட்டியிருக்கும். வைகாசியில் கதவு திறந்து, ‘கண்ணகி வழக்குரை’ படித்து, கடைசியில் திருக்குளிர்த்தி ஆடிக் கதவை அடைப்பார்கள். மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் கொம்புமுறி நடத்தியதாகச் சொல்கிறார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, இரு பக்கமும் இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும்வரை ஊர் இரண்டுபட்டு வசை பாடும். முறிந்தபின் எல்லாரும் ஒரே அம்மனிடம் போவார்கள். சிங்கள மக்களிடமும் பத்தினித் தெய்வத்தோடு சேர்ந்து இதே விளையாட்டு ‘அங்கெலிய’ என்ற பேரில் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் பகையை வெளியே எடுத்து இழுத்து முறித்துப் போடுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் எங்கும் கண்டதில்லை. கொம்புமுறி இன்று அருமையாகிவிட்டது. திரும்ப வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கூத்தின் நிலை அவ்வளவு மோசமில்லை. போரதீவுக்கு அருகே ஒரு வளவில் மத்தளச் சத்தம் கேட்டு இறங்கினேன். பள்ளிக்கூடப் பொடியன்கள் தாளக்கட்டு ஆடிக்கொண்டிருக்க, அண்ணாவியார் சல்லரியைத் தட்டியபடி காலைப் பார்த்துத் திருத்தினார். வடமோடிக் கூத்து. மாதக்கணக்கில் இப்படிப் பழகி, சதங்கை அணிந்து, பிறகு வட்டக் களரியில் விடியவிடிய அரங்கேற்றம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவற்றை மேடையேற்றி, படித்தவர்கள் பார்க்காமல் இருந்த கூத்தைப் பார்க்க வைத்தார். அதில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி ஆழ்ந்த ஆய்வு செய்தார். அடுத்த தலைமுறையில் சி. ஜெயசங்கர் சீலாமுனை மக்களோடு இருந்து, பெண்களையும் சாதியையும் இழிவாகப் பேசும் பகுதிகளை ஊராரோடு விவாதித்து மாற்றிக் கூத்தை மீளுருவாக்கம் செய்தார். முறைமையை அப்படியே வைக்கவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம், உரியவர்களோடு இருந்து பேசி மாற்றலாம் என்பதற்கு அது கண்முன்னே நிற்கும் வழி. கோயில் பங்குகளையும் இப்படிப் பேசித் திறந்துவிடலாம் என்றே நான் நம்புகிறேன்.

மண்டூர் முருகனைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். வாவி ஓரத்தில் தில்லை மரங்கள் நின்றதால் தில்லை மண்டூர் என்றும் பேர். ஆகமப் பூசை இங்கே இல்லை. கப்புகனார் எனப்படும் பூசகர் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல், மௌனமாகப் பூசை செய்கிறார். இந்தக் கோயிலின் உரிமைப் பிணக்குகளை நேரில் இருந்து பார்த்த ஆய்வாளர் மார்க் விட்டேக்கர் 1999இல் அதை ஒரு முழுப் புத்தகமாக்கினார். ஒரே கோயிலுக்கு ஒவ்வொரு சாதியாரும் ஒவ்வொரு வரலாறு சொல்கிறார்கள். வரலாறு இங்கே உரிமைப் பத்திரமாகவே பயன்படுகிறது என்பது அவர் கண்டது. வீதியில் நான் கேட்ட இரண்டு பேரும் கோயிலை முதலில் கண்டவர் தங்கள் முன்னோர் என்றே சொன்னார்கள்.

மண்டூர்த் துறையிலிருந்து எழுவான்கரைக் குருமண்வெளிக்கு நான் போனபோதும் பாதைதான் ஓடியது. மோட்டார் சைக்கிள்கள், நெல் மூட்டைகள், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு கிளினிக்குக்குப் போகும் ஒரு தாய். பாலம் வேண்டும் என்று இந்த ஊர்கள் பல காலமாகக் கேட்டு வருகின்றன. பக்கத்தில் நின்ற இளம் ஆசிரியை எழுவான்கரையில் பிறந்து மண்டூர்ப் பக்கம் படிப்பிக்க வருகிறவர். மழைக்காலத்தில் பாதை நின்றால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிவரவேண்டும், அதற்குள் முதல் இரண்டு பாடமும் போய்விடும் என்றார். கோயில் முறை பற்றிக் கேட்டேன். தம்பி கட்டாரில் வேலை, திருவிழாப் பங்குக் காசு அவன்தான் அனுப்புகிறான் என்றார். சாமான் வாங்குவது, ஆட்களுக்குச் சொல்வது, கணக்கு எழுதிக் கோயிலில் கொடுப்பது எல்லாம் அவரும் அம்மாவும். வண்ணக்கர் கூட்டத்துக்கு மட்டும் மாமா போகிறார்.

“உங்களுக்கு அங்கே இருக்க உரிமை இல்லையா?” என்றேன்.

“குடி எங்கட பக்கத்தாலதான் வருது சேர். கூட்டத்துல கதிரதான் வரல்ல” என்றார். “இந்த வருசம் கணக்கக் கொண்டுபோய் நானே வாசிக்கிறன் எண்டு மாமாக்கிட்டச் சொல்லியிரிக்கன். அவரு ஓம் எண்டுட்டாரு. மத்தாக்கள் என்ன சொல்றாங்க எண்டு பாப்பம்.”